அட்டையை இறக்கு, அஞ்சலை

செங்கல்பட்டு

என் கண்ணான தங்கச்சி பச்சையம்மாவுக்கு,

பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உயிரோடு இருந்தவரைக்கும், "அண்ணே, எனக்காகப் பொறுத்துக்கோ" என்று சொல்லிச் சொல்லியே என்னை அடக்கினாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அடக்க ஆளில்லை. பேசிவிடுகிறேன்.

இதை உனக்கு வாசித்துக் காட்டுவது உன் மகள் அஞ்சலை. நாலாம் வகுப்பு, இரண்டாவது தடவை. பக்கத்தில் உன் புருஷன் ஏழுமலை உட்கார்ந்திருப்பார். அவர் நடுவில் பேசக்கூடாது. பேசினால் பிள்ளைக்கு வரி தவறிவிடும். என்னைக் குறுக்கே மறிக்காமல் அந்த மனுஷன் முழுசாகக் கேட்கப்போவது இதுதான் முதல் தடவை.

அஞ்சலை, அட்டையை இறக்கு.

அறுபத்து நாலில் உன் கல்யாணப் பத்திரிகை அடித்தார்களே, மறந்திருக்க மாட்டாய். நம் வகையறாவிலேயே பி.ஏ. தேறியவன் நான் ஒருவன்தான். பத்திரிகையில் மாப்பிள்ளையின் படகுக்குக்கூடப் பேர் போட்டிருந்தது. என் பேருக்குப் பின்னால் பி.ஏ. இல்லை. கேட்டதற்கு உன் புருஷன், "எடம் பத்தல மச்சான்" என்றார். படகுக்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்தது?

அன்றைக்கே அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, அவருக்கு ஒரு வரி கடிதம்கூட எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். பத்திரிகையை ஆதாரமாகப் பையிலேயே வைத்துக்கொண்டேன். வழக்கு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரத்தில் இறங்கி, குப்பத்துக்கு நடந்து வருகிறேன். கையில் கூஜா நிறையத் தண்ணீர். கரையில் ஏற்றிவைத்த படகின் நிழலில் உட்கார்ந்து அஞ்சலைக்குப் பாடம். ஏழுமலை பத்தடி தள்ளி வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார். நானும் அப்படித்தான்.

பிள்ளைக்கு எழுத்து எல்லாம் தெரியும், பச்சை. தனியாகக் காட்டினால் டக்கென்று சொல்வாள். பக்கத்தைத் திறந்தால்தான் வினை. மூன்றாம் வரியில் ஆரம்பித்து ஏழாம் வரியில் போய் நிற்பாள். அப்புறம் காக்கையைப் பார்ப்பாள். ஏன் என்று கேட்டால், "எழுத்துங்கல்லாம் வலையில மாட்ன நெத்திலி மாரி துள்ளுது மாமா, எதப் புடிக்கிறது?" என்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். படித்தவன் வேறு என்ன செய்வான்?

அஞ்சலை, மூச்சு விட்டுக்கொள். அட்டையை இறக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பாடத்தைத் தடுமாறாமல் சொன்னாள். அடுத்த வாரமும் சொன்னாள். மூன்றாவது வாரம் நான் பூரித்துப்போய் முதுகில் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொண்டது என் முதுகைத்தான். கைநாட்டு வைக்கிற உன் புருஷன் எட்டிப் பார்த்துவிட்டு, "தே, அஞ்சல! உங்க மாமங்கைல சொல்லு. பொஸ்தகத்துல ஆட்டுப் படம் கீது. நீ இன்னாடான்னா காக்கா கத சொல்லிக்கினு கீற" என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள்! பி.ஏ.வுக்குத் தெரியவில்லை. படகுக்காரருக்குத் தெரிந்தது. இதையும் நான் மன்னிக்கவில்லை.

அன்றைக்குத்தான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். "பொங்கலு வரிக்கும் பாக்கறேன். அப்பாலயும் படிப்பு ஏறலன்னா அவ அத்தையோட கூடை தூக்கட்டும். மீன் வித்துப் பொழச்சுக்குவா." நீ இருந்திருந்தால் விட்டிருப்பாயா? கூடையை அவர் தலையில் அல்லவா கவிழ்த்திருப்பாய்?

போன மாதம் புத்தகத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது. அடித்தேன். ஈ தப்பித்தது. என் உள்ளங்கை பக்கத்தை மறைத்துக்கொண்டு அப்படியே இருந்தது. கைக்கு மேலே ஒரே ஒரு வரிதான் தெரிந்தது. அஞ்சலை அந்த வரியை வாசித்தாள். கையை இறக்கினேன், அடுத்த வரியையும் வாசித்தாள்! மூன்றாவது வரியில் தும்மினாள். "கைல பொடி நெடி மாமா." கை உதவாது என்று தெரிந்தது. தாளால் மறைத்தோம், கடற்காற்று பிடுங்கிப் போனது.

கெட்டியான அட்டை வேண்டும் என்று அவள் என் பையைத் துழாவினாள். நான் மூக்குப்பொடி டப்பியை மூடி நிமிர்வதற்குள், வலை அறுக்கிற கத்தியால் உன் கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டிவிட்டாள். சரியாக என் பேர் இருந்த இடம். வெட்டிய துண்டைக் கோழி கொத்திக்கொண்டு ஓடியது.

பன்னிரண்டு வருஷத்து ஆதாரம், பச்சை! திட்ட வாயைத் திறந்தேன். அவள் ஜன்னலை வரிமேல் வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். ஆட்டுக் கதை முடியும்வரை காக்கையைப் பார்க்கவில்லை.

ஏழுமலை நம்பவில்லை. "இதுவும் மனப்பாடமா இருக்கும். அவ கண்ணால பாக்காத கடுதாசி ஒண்ணு தபால்ல வரட்டும். எம்முன்னால பிரிச்சுப் படிக்கட்டும். அப்பால கூடையப் பத்திப் பேசமாட்டேன்" என்றார். அவருக்குக் கடிதம் எழுத மாட்டேன் என்று நான் சபதம் செய்திருக்கிறேனே. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன், அவர் வீட்டு விலாசத்துக்கு.

அஞ்சலை, இன்னும் கொஞ்சம்தான். அட்டையை இறக்கு.

உனக்கு ஒரு வாக்கு, பச்சை. இந்த ஞாயிற்றுக்கிழமை நான் கூஜா இல்லாமல் வருவேன். உன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஏழுமலை பிடித்த மீனில் குழம்பு சாப்பிடுவேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வரியில் மட்டும்தான் இருக்கிறது. எனக்கு இலை போட்டிருந்தால் பிள்ளை இந்த வரி வரைக்கும் வாசித்து வந்து சேர்ந்தாள் என்று தெரிந்துகொள்வேன். போடாவிட்டால் தாகத்தோடு செங்கல்பட்டு திரும்பி, அடுத்த வாரம் கூஜாவோடு மறுபடி வருவேன்.

இப்படிக்கு
உன் அண்ணன்

கீழே பேர் எழுதப் பேனாவை ஊன்றி அரைமணி ஆகிறது. பி.ஏ. போட்டால், "இன்னும் அதயே புடிச்சுக்கினு கீறாரு பாரு" என்பார். போடாவிட்டால் அவர் ஜெயித்ததாகிவிடும். பேரே போடாமல் தபாலில் சேர்த்துவிடுகிறேன். யார் எழுதியது என்று அவர் கேட்பார். அஞ்சலை சொல்லட்டும்.