பச்சை அட்டை

ஜனவரி 20, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் வீடு பார்க்க வருகிறார்கள் என்று காலை பத்து மணிக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் பார்க்க வந்ததோ என் அடுப்புக்கு மேலே கரி படிந்திருக்கிறதா என்று. ஒரு நெட்டைப் பெண் சுவரை விரலால் தேய்த்து, விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் கல்யாண வீட்டுக்காரி மாதிரி நிற்கிறேன்.

நார்வே தேசமாம். பெயர் இங்க்ரிட். காற்று, தண்ணீர், மனுஷ உடம்பு எதுவும் கெடாமல் ஊர் எப்படி முன்னேறுவது என்று ஒரு படிப்பு இருக்கிறதாம். அதற்காக எட்டுப் பிள்ளைகள் செஞ்சியில் தங்கி எங்கள் ஊருக்கு வந்து போகிறார்கள். செஞ்சிக் காலேஜில் படிக்கிற ஜெயசுதாதான் அவர்கள் பேச்சை நமக்கும், நம் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்கிறாள். "எங்க ஊர்ல ஓயாம வேலை செய்றது என் வாய் ஒண்ணுதான்னு சொல்லும்மா" என்றேன். அதை மட்டும் அவள் சொல்லவில்லை.

ஜனவரி 22, புதன்

சமையல்கட்டில் ஒரு சின்னப் பெட்டி மாட்டுவார்களாம். இரண்டு நாள் அது புகையை இழுத்துக் கணக்குப் பார்க்குமாம். புகை அதிகம் உள்ள வீட்டுப் பெண்களை வேனில் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டி, மூச்சு ஊதச் சொல்லிச் சோதிப்பார்களாம்.

முதலில் என் ஓரகத்தி மாரியம்மாளைத்தான் நினைத்தேன். பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். எல்லாம் வீட்டில், வேலிக்காத்தான் கட்டை போட்டுத்தான் வேக வைப்பாள். எப்போதும் இருமல். "உன் இருமலக் கேட்டுத்தான்டி ஊரு சேவலே எழுந்திருக்குது" என்பேன். சிரிப்பாள். சிரித்தால் இன்னும் இருமுவாள்.

ஜனவரி 27, திங்கள்

நாளை மாரி வீட்டில் பெட்டி. இதுவரை பெட்டி வைத்த வீடுகளில் பாதிப் பேர் அந்த இரண்டு நாளும் கேஸில்தான் சமைத்தார்கள். விருந்தாளி வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி வைப்பதில்லையா, அப்படி. மாரி வீட்டுச் சிலிண்டர் எப்பவோ காலி, மாவுக் குண்டானுக்கு முக்காலியாக நிற்கிறது. என் சிலிண்டரைக் கொடுத்தேன்.

"வேணாம்க்கா. எப்பவும் போல இருந்துட்டுப் போறேன்."

"சும்மா இருடி. படிச்ச புள்ளைங்க வந்து நிக்கும்போது புகையில கண்ணக் கசக்கினு நிப்பியா? மானம் போயிடும்."

நானும் அவள் புருஷன், என் கொழுந்தன் வீரமணியும் தூக்கிப் போய் வைத்தோம். கரிச் சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டோம்.

ஜனவரி 28, செவ்வாய்

புகை இல்லாததால் இட்லி வெந்ததா என்றே தெரியவில்லை என்கிறாள் மாரி.

பிப்ரவரி 5, புதன்

பள்ளிக்கூடத்தில் கூட்டம். வீட்டுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். சிவப்பு என்றால் புகை அதிகம், மஞ்சள் நடுத்தரம், பச்சை நல்ல காற்று. சிவப்பு வந்த நாலு வீட்டுப் பெண்களுக்கு நாளை வேன்.

மாரிக்குப் பச்சை. இட்லிக் கடைக்குச் சமைக்கிற வீட்டில் இவ்வளவு நல்ல காற்றா என்று இங்க்ரிட் கை தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். மாரி முந்தானையை வாயில் அழுத்தி இருமலை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாத்தியார், அவர்கள் பேராசிரியர், ஊரே உட்கார்ந்திருக்கிறது. நாள் முழுக்க மூடாத வாய், இதற்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி 6, வியாழன்

"நாமளே ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடி" என்றேன்.

"எதுக்கு? மெஷினே பச்சைன்னு சொல்லிடுச்சு."

"அது என் கேஸுடி."

"பொட்டி மோந்து பாத்தது என் வீட்டுக் காத்தத்தானே. கடைய மூடிட்டு நான் வர முடியாது. ஆள வுடுக்கா."

அட்டையைக் கடையில் முருகர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். அடுப்பில் மறுபடியும் கட்டைதான்.

பிப்ரவரி 8, சனி

பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பினார்கள். இங்க்ரிட் என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "உனக்கு மாப்பிள்ளை தேடணும்னா தென்னை மரத்துலதான் தேடணும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் வேன் போய்விட்டது.

மார்ச் 12, புதன்

தண்ணீர்க் குடத்தோடு நடந்து வந்த மாரி வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம். வீரமணி கார் பிடித்து வந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள்.

"விறகடுப்பாம்மா? எவ்வளவு வருஷமா?" என்று டாக்டர் கேட்டார்.

மாரி மூச்சு வாங்கி வாங்கிச் சொல்கிறாள், "எங்க வீட்டுக் காத்து... நல்ல காத்துன்னு... அட்டை இருக்குது சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்புறம்தான் விறகு, கேஸ், பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நுரையீரலில் சளி கட்டி, ரொம்ப முற்றிவிட்டதாம். முன்னாடியே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

மாரி போயிட்டா.

மார்ச் 15, சனி

வேணாம்க்கான்னுதானே சொன்னா. சும்மா இருடின்னு நான்தானே சொன்னேன். இப்ப சும்மாதான் இருக்கா. யாருக்கு மானம் போயிருக்கும்? அவளுக்கா, எனக்கா? அவளுக்கு ஒண்ணும் இல்ல. பட்டுப்பொடவ கட்டினு நின்னது யாரு, நான்தானே—

எழுத முடியல.

மார்ச் 30, ஞாயிறு

காரியம் முடிந்தது. ஜெயசுதா துக்கம் கேட்க வந்தாள். அவள் போனில் இங்க்ரிட்டைக் கூப்பிடச் சொன்னேன். முகம் தெரிந்தது. எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தேன். ஜெயசுதா அழுதுகொண்டே மாற்றிச் சொன்னாள்.

ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று இங்க்ரிட் கேட்டாள்.

"நீங்க விருந்தாளிங்கம்மா" என்றேன்.

  

ஏப்ரல் 21, திங்கள்

இங்க்ரிட் சேதி அனுப்பியிருக்கிறாள். தன் கட்டுரையிலிருந்து மாரி வீட்டுக் கணக்கை எடுத்துவிட்டாளாம். அதற்குப் பதிலாக நடந்ததை நடந்தபடி எழுதி, தப்பு எங்களுடையதும்தான் என்று பேராசிரியரிடம் கொடுத்தாளாம். அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகள் வந்த உடனே பெட்டி மாட்ட மாட்டார்களாம். ஒரு மாதம் எங்களோடு பழகிய பிறகுதான் மாட்டுவார்களாம்.

நல்லதுதான். மாரிக்கு இல்லை, அவ்வளவுதான்.

வீரமணி வந்தான். "கடைய யாருக்காவது குடுத்துடட்டுமா அண்ணி?" என்றான். சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். சிவப்பு அட்டை வந்த நாலு பேரில் ஒருத்தி, இருமல் குறைந்திருக்கிறது என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனாள். சந்தோஷம் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதேன்.

மே 5, திங்கள்

மாரி கடையை நான் திறந்து நாலாவது நாள். மாவு, சட்னி, சாம்பார் எல்லாம் சரியாக இருந்தது. காலை பஸ் கண்டக்டருக்கு டீயில் சர்க்கரைக்குப் பதிலாக ரவையைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். முழுசும் குடித்தார். மாரி போடுகிற மாதிரி இல்லை என்று மட்டும் சொன்னார். பஸ் நேரத்துக்குக் கிளம்பியது.