முறிகண்டியில் நிற்காத கார்

அப்பா,

உங்கள் திவசத்துக்கு ஊருக்கு வந்த இடத்தில், இன்று காலை கிளிநொச்சியில் காரின் சீற் உறைகளை மாற்றக் கொடுத்தேன். ஆறு வருடம் கிடந்த கறுப்பு றெக்சின் உறை இடப்பக்கத்தில் தையல் விட்டுப்போயிருந்தது. கடைக்காரர் அதைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே சாம்பல் நிறத் துணியில், நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரு பழுப்புக் கறை.

"என்னக்கா, என்ன ஊத்துப்பட்டது?"

"தண்ணிப் போத்தில் கவிண்டது," என்றேன்.

"தண்ணிக்கு இப்பிடிக் கறை வராதே."

நான் வீதிப் பக்கம் திரும்பினேன். அது நீங்கள் சொன்ன பொய், அப்பா. சொல்லி ஆறு வருடம் ஆகிவிட்டது.

அப்போது அம்மா போய் ஒரு வருடம். பரந்தனில் நீங்கள் தனியே சமைத்து, தனியே சாப்பிட்டு, வயலையும் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். கொழும்பில் நான் இருக்கிற வீட்டை உங்களுக்குக் காட்டவேண்டும் என்று புதுக் காரில் வந்தேன். வீட்டைக் காட்டுவதைவிடக் காரைக் காட்டுவதில்தான் எனக்கு ஆசை. இனி உங்களிடம் ஒளித்து என்ன பயன்? பரந்தனிலிருந்து கொழும்புக்கு ஆறு மணித்தியாலத்தில் ஓடிக் காட்டுகிறேன் என்று கந்தோரில் கூட வேலை செய்கிறவர்களிடம் வாய் வீரம் பேசிவிட்டு வந்திருந்தேன்.

வெளுத்த வேட்டி, மடிப்புக் கலையாத சேட்டு, மடியில் பெரிய தண்ணீர்ப் போத்தில். வயலுக்குப் போனாலும் அந்தப் போத்தில் இல்லாமல் நீங்கள் போவதில்லை. காரில் ஏறும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தீர்கள்.

"புதுக் கார் பிள்ளை. ஊத்தையாப் போடும்."

நான் சிரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

அரை மணித்தியாலம் ஓடியிருக்க மாட்டோம், முறிகண்டி வந்தது. அந்த வீதியால் போகிற எந்த வாகனமும் பிள்ளையாருக்கு முன்னால் நிற்காமல் போவதில்லை. லொறிக்காரன் முதல் மந்திரி வரை இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பஸ்ஸில் போனால் அம்மாவுக்கு மட்டும் ஒரு கடதாசிச் சரை வாங்குவீர்கள். எனக்குக் கச்சான் ஒத்துவராது, தின்றால் சத்தி எடுப்பேன் என்று என் கையில் ஒரு பருப்புக்கூடத் தரமாட்டீர்கள்.

"பிள்ளையாரிட்டை ஒருக்கா நிப்பாட்டு பிள்ளை. ஒரு கற்பூரத்தைக் கொளுத்திப்போட்டுப் போவம்."

"திரும்பி வரேக்கை கொளுத்துவம் அப்பா. இப்ப நிண்டால் குருநாகலிலை ரபிக் நெரிசலுக்கை மாட்டுவம்."

"ஓம், அதுவும் சரிதான்," என்றீர்கள்.

மாங்குளம் தாண்டி, இரண்டு பக்கமும் காடு. ஒரு மரத்தடியில் சூலம் நட்டிருந்தது. "வைரவர் பிள்ளை. பொல்லாதவர். ஒருக்கா இறங்கிக் கும்பிட்டிட்டு வாறன்." நான் வேகத்தைக் குறைக்கவே இல்லை. இன்னும் கொஞ்சத் தூரத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா சொரூபம். "மாதாவும் தாய்தானே. ஒரு நிமிசம் நிப்பாட்டன்."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்பா, உங்களுக்குப் பக்தி முத்திப்போச்சு! எப்ப இருந்து வேதக்காரர் ஆனனீங்கள்? இப்பிடி எல்லாச் சாமிக்கும் நிண்டு நிண்டு போனால் நாளைக்குத்தான் கொழும்பு." நீங்களும் கூடச் சிரித்தீர்கள். சிரித்துவிட்டுக் கால்களை நெருக்கிவைத்துக்கொண்டு, போத்திலை இறுக்கிப் பிடித்தபடி நேரே வீதியைப் பார்த்தீர்கள். அந்தக் கால்களை நான் கண்டேன். கண்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஓமந்தையில் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவழியாகக் கடவுள்களை விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

வவுனியாவில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோதுதான் பார்த்தேன். வேட்டி நனைந்து தொடையில் ஒட்டிக் கிடந்தது. சீற் முழுக்க ஈரம். வெறும் போத்திலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"மூடி கழண்டுபோச்சு பிள்ளை. முழுத் தண்ணியும் ஊத்துப்பட்டிட்டுது."

பெற்றோல் அடிக்கிறவர் பார்த்துக்கொண்டு நிற்க நான் கத்தினேன். "சின்னப்பிள்ளையே நீங்கள்? ஒரு போத்திலை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதே? புதுச் சீற் அப்பா!" போத்திலைப் பறித்துப் பின்னால் எறிந்தேன். பேப்பர் வாங்கி விரித்து, அதன்மேல் உங்களை இருத்தினேன்.

"என்ரை பிழைதான் பிள்ளை. குறை நினையாதை," என்றீர்கள்.

இவ்வளவோடு முடிந்திருந்தால், தெரியாமல் ஏசிவிட்டேன் என்று என்னை நானே சமாதானப்படுத்தியிருப்பேன். முடியவில்லை. வவுனியா தாண்டி, பூட்டிய காருக்குள் குளிர்க்காற்று ஓட, தண்ணிக்கு இல்லாத ஒரு மணம் வந்தது. மதவாச்சிக்கு முன்னமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளையார், வைரவர், மாதா, கவிண்ட போத்தில், எல்லாம்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கலாம்? எங்காவது நிறுத்தி, "வேட்டியை மாத்துங்கோ அப்பா, பையிலை வேறை கிடக்கு" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். அதுவும் வேண்டாம், ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். நான் கண்ணாடியை இறக்கினேன், அப்பா. என் பக்கத்தை மட்டுமல்ல, உங்கள் பக்கத்தையும் சேர்த்து, நாலையும் இறக்கினேன்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பிறகு வெளியே பார்த்தீர்கள். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தம்புள்ளையில் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன். "தாகமில்லைப் பிள்ளை" என்றீர்கள். அதன்பிறகு வீடு போய்ச் சேரும்வரை நீங்கள் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. ஆறு மணித்தியாலக் கணக்கும் அன்று எங்கோ போய்விட்டது.

என் வீட்டில் ஒரு கிழமை நிற்பதாக வந்தவர், இரண்டு நாள்தான் நின்றீர்கள். சோபாவில் உங்கள் சால்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன் விளிம்பில் இருந்தீர்கள். "ரெயினிலை போறன் பிள்ளை. நல்ல காத்து வரும். உனக்கேன் அலைச்சல்?" என்றீர்கள். ரெயினில் கழிவறை இருக்கிறது. அதை நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த கிழமையே றெக்சின் உறை போட்டேன். சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்கு வந்தபோது நீங்கள் காரின் கதவைத் திறந்து, அந்தச் சீற்றை உள்ளங்கையால் தடவிப் பார்த்தீர்கள்.

"நல்ல உறை பிள்ளை. துடைக்க லேசு."

அந்தச் சொல்லில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நீங்கள் உண்மையாகவே நல்லது என்றுதான் சொன்னீர்கள். அதன்பிறகு என் காரில் நீங்கள் ஏறவில்லை. இரண்டு வருடத்தில் போய்விட்டீர்கள்.

அம்மா இருந்திருந்தால் பின்சீற்றிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பா: "கொப்பாவுக்கு இறங்கவேணுமாம், நிப்பாட்டு." எங்கள் வீட்டில் உங்களுக்கும் எனக்கும் நடுவில் எல்லாக் கதையும் அவா வழியாகத்தான் போய்வந்தது. அவா போன பிறகு உங்களுக்குச் சொல்ல ஆளில்லை. வாழ்நாள் முழுக்க வயல்வெளியில் நின்றவர், வளர்ந்த மகளிடம் இதைக் கேட்க வாய் வராமல் சாமிகளைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மூன்று சாமி கூப்பிட்டும் நான் நிற்கவில்லை. வெட்கம் என்றால், உங்களுக்கு அன்று ஒருநாள். எனக்கு அந்த வீதியால் போகிற ஒவ்வொரு நாளும்.

போன மாதம் மாமியை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். மாமி என்றால் என் கணவரின் அம்மா. நீங்கள் போன பிறகுதான் எனக்குக் கலியாணம். மாமிக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவாவும் வாய் திறந்து கேட்கிற ஆள் இல்லை. நான் கேட்கவும் இல்லை. மதவாச்சியில் நிறுத்தினேன், ஓமந்தையில் நிறுத்தினேன், முறிகண்டியில் நிறுத்தினேன்.

"எனக்குக் கச்சான் வேணும் மாமி. நான் பாத்து வாங்கக் கொஞ்சம் செல்லும். நீங்கள் ஆறுதலா இறங்கிப் போட்டு வாங்கோ."

மாமி போய்விட்டு, முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தா. நான் பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு, சூடு ஆறாத சரையோடு நின்றேன்.

"உமக்குக் கச்சான் எண்டால் உயிர் போல," என்று சிரித்தா.

"ஓம் மாமி," என்றேன்.

இப்போது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் நான் கச்சான் பைத்தியம். கொழும்பில் என் குசினி அலுமாரிக்குள் முறிகண்டிச் சரைகள் பிரிக்காமலே கிடக்கின்றன. எனக்குக் கச்சான் ஒத்துவராது என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், அப்பா.