கணக்கு குரூப்பை விட்டு மாத்த வேண்டாம்

அன்புள்ள மகன் வளவனுக்கு அம்மா எழுதுறது. நானும் உன் தங்கச்சியும் இங்கே இருக்கோம், உடம்புக்கு ஒண்ணும் குறையில்லை, மனசைப் பத்தி நீ கேட்காதே, நானும் சொல்லலை. அந்த ஊர் வெயில்ல நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும்னு நம்ம காளியம்மாளை வேண்டிக்கிட்டே எழுதுறேன். போன்ல பேசினா நானும் அழுது உன்னையும் அழ வச்சிடுறேன், சொல்ல வந்தது அப்படியே நின்னுபோகுது. உன்கூட வேலை பார்க்கிற பிரபு லீவு முடிஞ்சு கிளம்புறான்னாங்க, அதான் அவன் கையில கொடுத்துவிடுறேன். எழுத்து கோணலா இருக்கும், பொறுமையா படி.

சம்பா நல்லா பச்சை கட்டி நிக்குது. போன மழையில தேங்கின தண்ணியை உன் சித்தப்பா வடிய வச்சுட்டார். விடியக்காலையில வயலுக்குப் போக அப்பா தன் போன்ல வச்ச மணி இன்னும் தினம் அடிக்குது. நிறுத்தத் தெரியாம இல்லை, நானும் நிறுத்தலை உன் தங்கச்சியும் நிறுத்தலை.

இப்ப உன் தங்கச்சி செம்மொழி விஷயம். போன வாரம் நீ சொன்னே, கஷ்டமா இருந்தா வேற குரூப்புக்கு மாறட்டும்மா, அப்பா போன துக்கத்துல இருக்கிற பிள்ளையை ஏன் வருத்தணும்னு. பாசத்துலதான் சொன்னே, எனக்குத் தெரியும். ஆனா அவ கணக்குல பெயிலானது துக்கத்தால மட்டும் இல்லைப்பா. நம்ம தெருவுல இருந்து ப்ளஸ் ஒன்ல கணக்கு குரூப் எடுத்த பொம்பளைப் பிள்ளைங்க இவங்க நாலு பேருதான், இதுக்கு முன்னாடி யாரும் இல்லை. டவுன் பிள்ளைங்க டியூஷன் போகுதுங்க, நம்ம பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா. அதனால கணக்கு எடுக்கிற ஷிஃபா டீச்சர்தான் நாலு பேரும் சாயந்திரம் ஒரே இடத்துல உட்கார்ந்து கணக்குப் போடுங்க, ஒருத்திக்குப் புரியலைன்னா மத்தவ சொல்லிக் கொடுக்கணும், அதுக்கப்புறம்தான் அடுத்த கணக்குன்னு ஏற்பாடு பண்ணிவிட்டாங்க. நாலு பேர்ல ஒருத்தி பூர்ணிமா, அவ வீட்லதான் உட்காருவாங்க. நல்லாத்தான் போச்சு. புரட்டாசியில அப்பா போயிட்டார். அடுத்த மாசமே பூர்ணிமாவோட அக்காவுக்குப் பரிசம் போட்டுட்டாங்க, தையில கல்யாணம். பரிசம் போட்ட வீட்டுக்குள்ள சாவு வீட்டுக்காரங்க போறதில்லைன்னு உனக்கே தெரியும். யாரும் வராதேன்னு சொல்லலை, நாங்களா போகலை. அவங்களும் நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது. இவ தனியா உட்கார்ந்து ஒரே கணக்கைப் பார்த்துக்கிட்டே இருப்பா, அப்படியே தூங்கிடுவா.

பெயிலானதும் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு விட்டார். உங்க தெருப் பிள்ளைங்களுக்கு இது பாரமா இருக்கும்மா, வரலாறு குரூப்புக்கு மாத்திடலாம், எழுதிக் கொடுங்கன்னார். கோபமா சொல்லலை, நல்லது செய்யுற மாதிரிதான் சொன்னார். செம்மொழி தரையைப் பார்த்துக்கிட்டு நின்னா. அவ அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன். கேட் வரைக்கும் ஷிஃபா டீச்சர் கூடவே வந்து, ஏன் அவ சேர்ந்து படிக்கிறதை விட்டான்னு கேட்டாங்க. பரிசம் போட்ட கதையைச் சொன்னேன். துக்கத்துல ஒதுங்கி இருக்கான்னு நானும் தொந்தரவு பண்ணாம விட்டுட்டேனேம்மான்னாங்க.

அவங்கதான் பூர்ணிமா அம்மா மங்களாம்பிகைகிட்ட சொல்லியிருக்கணும். மறுநாளே அவ வந்து நம்ம வீட்டுக்குள்ள வராம தெருக்குழாய்கிட்டயே நின்னு கூப்பிட்டா. அவ வாய் உனக்குத் தெரியுமே. "ஏண்டி அம்சம், உன் மக வந்து சண்டை போடாம என் மகளுக்கும் கணக்கு ஓட மாட்டேங்குது. உன் வீடும் ஆகாது என் வீடும் ஆகாதுன்னா ஊர்ல வேற கூரையே இல்லையா?"ன்னா. அறுப்பு சமயத்துல அவ நெல் கொள்முதல் நிலையத்துல கூட்டிப் பெருக்கப் போவாள்ல, அந்த ஷெட்டு தை அறுப்பு வரைக்கும் காலியாத்தான் கிடக்கும். வாட்ச்மேன்கிட்ட பேசி சாவியையே வாங்கிட்டு வந்திருந்தா. இப்ப தினம் சாயந்திரம் நாலு பேரும் அங்கே தார்ப்பாய் விரிச்சு உட்காருதுங்க, அம்மாக்காரிங்க நாங்க மாத்தி மாத்தி துணைக்கு இருக்கோம். எனக்கு அதுல ஒண்ணும் விளங்காது. ஆனா என்ன சத்தம்ங்கிறே. நேத்து இவ பிளஸ் மைனஸ் குறி தப்புங்கிறா, பூர்ணிமா போடி உனக்குத்தான் கண்ணு தெரியலைங்கிறா, கடைசில பார்த்தா ரெண்டு பேரும் போட்டது தப்பாம். அப்பா போனதுக்கப்புறம் நேத்துதான் உன் தங்கச்சி சிரிச்சுப் பார்த்தேன். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

இந்தத் தடவை டெஸ்ட்ல பாஸ், பெரிய மார்க் இல்லை. வீட்ல உறுதியா சொன்னா ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்னு டீச்சர் சொல்றாங்க. குரூப் மாத்த வேண்டாம்னு நான் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன், திங்கக்கிழமை கொடுத்துடுவேன். உன்னைக் கேட்காம போட்டேன்னு கோவிச்சுக்காதே. ஆனா அந்தக் கையெழுத்து பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். அப்பா இல்லாத வீட்ல அவளுக்கு நீ சொல்றதுதான் அப்பா சொல்றது. நீ மாறிக்கோன்னா எதிர்த்து ஒரு வார்த்தை பேசாம மாறிடுவா, அதுதான் எனக்கு பயம்.

தண்ணி நிறைய குடி, வெயில்ல தலையில துணி கட்டிக்கோ. அப்பா மேல இருந்து பார்த்துக்கிட்டிருப்பார், உனக்கு ஒரு கெடுதலும் வராது, நல்லா இருப்பே. பிரபு வெள்ளிக்கிழமை உன்கிட்ட வந்துடுவான், அதனால ஞாயித்துக்கிழமை நீ போன் போடும்போது இதைப் படிச்சிருப்பே. அவதான் எடுப்பா. மார்க் எவ்வளவுன்னு கேட்காதே. இன்னைக்கு எந்தக் கணக்குக்கு சண்டைன்னு கேளு, மத்ததை அவளே சொல்லுவா.

உன் போனுக்குக் காத்திருக்கும் அம்மா,
இரா. அம்சம்