மூன்றாம் தரம் கேட்டபோது

பதுளை
1912, தை 8

சிரஞ்சீவி தம்பி தங்கராஜாவுக்கு அக்காள் பூவம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பரிமளமும் சுகம். நீயும் புஷ்பமும் சுகமென்று ஒரு வரி எழுது.

நீ அனுப்பின பொங்கல் சீர் மொஹிதீன் வண்டியில் வந்து சேர்ந்தது. அரிசியும் வெல்லமும் நல்ல சரக்கு. சேலை எனக்கு எதற்கு? வெள்ளையைத் தவிர நான் எதைக் கட்டப்போகிறேன்? பரிமளத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

மனதில் கிடப்பதையும் எழுதிவிடுகிறேன். போன ஐப்பசியில் பரிமளத்தைப் பெண் கேட்டு நம் வீட்டுக்கு வந்த சபையை நீ மறந்திருக்கமாட்டாய். பெண்ணின் தாய்மாமன் எழுந்து சம்மதம் சொல்லவேண்டும். மூன்று தரம் கேட்பார்கள், அதற்குள் பதில் வரவேண்டும். நீயும் எழுந்துதான் நின்றாய். உன் வேட்டி நடுங்கினது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. தாய்மாமனுக்கு மனமில்லை என்று அவர்கள் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தாலியறுத்தவள் அந்த இடத்துக்கு வரக்கூடாது. வரலாமென்றால் உனக்கும் சேர்த்து நானே பேசியிருப்பேன்.

இப்போது வேறொரு இடம் கூடி வருகிறது. வைகாசியில் சபை. "எங்கள் பரிமளத்தை உங்கள் வீட்டுக்குத் தர எங்களுக்குப் பூரண சம்மதம்." இவ்வளவுதான் நீ சொல்லவேண்டியது. அதற்குள் நாக்கைப் பழக்கு. இதுவும் போனால் என் பிள்ளையை யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

உன் அக்காள்
பூவம்மாள்


பசறை, மேமலைத் தோட்டம்
1912, மாசி 3

தாய்க்குத் தாயான அக்காவுக்குத் தம்பி தங்கராஜா வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கேலி இல்லை அக்கா. சபையில் எல்லாக் கண்ணும் என் வாயைப் பார்க்கிறபோது வாய் என்னுடையது இல்லை என்று ஆகிவிடுகிறது.

ஆனாலும் பழக்குகிறேன். சாயங்காலம் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்த்து எத்தனை றாத்தல் என்று சொல்வது என் வேலை. இத்தனை காலமும் எழுதுகிற ஆள் காதில் மெதுவாகச் சொல்லிவந்தேன். இப்போது எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிப் பார்க்கிறேன். முதல்நாள் குரல் பாதியில் உடைந்தது. வரிசையில் நின்ற கருப்பம்மா என்கிறவள், "ஐயா றாத்தலைச் சொல்றாரா, எங்களுக்கு மந்திரம் ஓதுறாரா?" என்றாள். அத்தனை பெண்களும் சிரித்தார்கள். ஓடிப்போகலாம் போல இருந்தது. போகவில்லை. மறுபடியும் சொன்னேன்.

வீட்டில் புஷ்பம் இன்னும் மோசம். உங்கள் வசனத்தைச் சொல்லிப் பார்க்கச் சபைக்கு எங்கே போவது என்றேன். "கொல்லையில ஆடு நிக்குது, அதுகிட்டச் சொல்லுங்க. கட்டிப்போட்டிருக்கு, எந்திரிச்சுப் போகாது" என்கிறாள்.

தம்பி
தங்கராஜா


பதுளை
1912, பங்குனி 11

சிரஞ்சீவி தம்பிக்கு,

நேற்று மொஹிதீன் வந்து, நீ றாத்தல் சொல்வது தெருவில் வண்டிக்கே கேட்கிறது என்றான். இரண்டு பேர் காதுபட அதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். பெருமையாக இருந்தது. ஆட்டை விடாதே.

இடம் முடிவாகிவிட்டது. உங்கள் பசறைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் செல்வநாயகம் மகன் ஜெயராசா. சம்பள நாளில் துணி மூட்டையோடு தோட்டத்துக்கெல்லாம் வருவானாம், நீயும் பார்த்திருப்பாய். நல்ல நிறம். கையில் தொழில் இருக்கிறது.

உன் அக்காள்
பூவம்மாள்


மேமலைத் தோட்டம்
1912, பங்குனி 17

அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஜெயராசாவை எனக்குத் தெரியும். நான் எழுதினேனே, கருப்பம்மா, அவள் அவன் பெண்டாட்டி. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் வைத்துத் தாலி கட்டினான். நானும் அங்கே நின்றேன், லயத்து வரிசைவீடுகளில் இருக்கிற சனமெல்லாம் நின்றது. ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. மழை நாளில் அதை முதுகில் கட்டிக்கொண்டுதான் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். சம்பள நாள் வந்தால் காலையிலேயே தலைக்கு எண்ணெய் வைத்து வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் பதுளையில் பெண் பார்ப்பது அவளுக்குத் தெரியாது.

வேண்டாம் அக்கா. நிறுத்திவிடுங்கள்.

தம்பி
தங்கராஜா


பதுளை
1912, சித்திரை 2

தம்பிக்கு,

தரகர் முன்பே என் காதில் போட்டுவிட்டார். லயத்தில் கட்டின தாலியை எந்தச் சபை கேட்டது? அது மலையோடு போகட்டும். கடைக்காரன் மகன் கலியாணமானால் கடையில் உட்காருவான். பரிமளத்துக்கு வயது ஏறுகிறது. ஒருதரம் எழுந்து போன சபை இன்னும் இந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறது, உனக்கு அது தெரியாது.

பரிமளத்திடமும் சொன்னேன். அன்றிலிருந்து அவள் சோறு சரியாகத் தின்பதில்லை. பேச்சு முடிவாகும்போது பெண்கள் அப்படித்தான்.

உனக்குக் குரல் வந்தது என்னால். நான் சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்.

உன் அக்காள்
பூவம்மாள்


மேமலைத் தோட்டம்
1912, ஆனி 6

அக்காவுக்கு,

சபை கலைந்த அன்றைக்கு நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வாசலில் நெடுநேரம் நின்றேன். மழை வந்தபிறகு நடந்து வந்துவிட்டேன். அப்புறம் எழுதின கடிதத்துக்கும் பதில் இல்லை.

முதல்தரம் கேட்டபோது பயந்துதான் நின்றேன். இரண்டாம் தரம் கேட்டபோது பயம் இல்லை. பேசாமல் நின்றாலே போதும் என்று அப்போது நினைத்தேன். இவனுக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போவார்கள், காரியம் முடிந்துவிடும். ஆனால் இரண்டு சபை எழுந்து போன பெண் என்ற பேர் பரிமளத்துக்கு அல்லவா விழும்? அதனால்தான், குறை மாப்பிள்ளை மேலேயே விழட்டும் என்று மூன்றாம் தரம் கேட்டபோது பேசினேன்.

"மாப்பிள்ளை தாலி கட்டுன பொம்பள எங்க தோட்டத்து லயத்துல இருக்கா. அவ கழுத்துல அது கிடக்குறப்ப எங்க பிள்ளையத் தர எங்களுக்குச் சம்மதமில்ல" என்றேன். செல்வநாயகம், தரகர் சொல்லிப் பெண்ணின் தாய்க்கும் இது தெரியுமென்று சபையில் கத்தினார். அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

இங்கேயும் எனக்கு நல்ல பேர் இல்லை. ஜெயராசா தோட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். நேற்று கருப்பம்மா கூடையை இறக்கிவிட்டு என் முன்னால் நின்றாள். "நல்லாப் பேசுனீங்களாம் ஐயா. இனி அவரு இந்தப் பக்கம் வரமாட்டாரு" என்றாள். குழந்தை அவள் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் தராசைப் பார்த்தேன். றாத்தலைச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

திட்டியாவது எழுதுங்கள்.

தம்பி
தங்கராஜா


பதுளை
1912, மார்கழி 20

தங்கராஜாவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன.

நீ பேசினது அடுப்படி வரைக்கும் கேட்டது. ஒரு சொல் தடுக்கவில்லை. நம் அப்பாதான் வந்து பேசுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். வேறே சபையாக இருந்தால் என் தம்பி என்று தெருவெல்லாம் சொல்லியிருப்பேன்.

நீ பேசாமல் நின்றிருந்தால் கோழை என்பார்கள், அதை நான் தாங்கியிருப்பேன். இப்போது தெரிந்தே பெண்ணைக் கொடுக்கப் பார்த்தவள் என்கிறார்கள். அது பொய்யில்லை, அதனால் பதில் பேச வழியில்லை. குழாயடிக்குப் போனால் பேச்சு நிற்கிறது. இந்தத் தெருவில் நீ இல்லை, நான்தான் இருக்கிறேன். இனி இந்த வீட்டுக்கு நீ வரவேண்டாம்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குச் சபை கலைந்ததும் பரிமளம் அடுப்படிக்கு வந்தாள். விருந்துக்கு வடித்த சோற்றைத் தானே போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து தின்றாள். மறுசோறும் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அதற்குப் பிறகுதான் நீ தட்டத் தட்டக் கதவைத் திறக்காமல் இருந்தேன்.

இந்தத் தைக்குச் சீர் அனுப்பாதே. மொஹிதீன் வண்டி வாசலில் நின்றாலும் நான் வெளியே வரமாட்டேன். பரிமளம் போய் வாங்கினால் அது அவள் பாடு.

பூவம்மாள்