ஆறு பேர் இருக்கும் இடம்

தெற்கு ஈராக்,
3 மார்ச் 1991, ஞாயிறு.

அன்புள்ள ரோலண்ட் அண்ணாவுக்கு,

நான் நலம். கை, கால், கண் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன என்று அம்மாவிடம் சொல். சண்டை நின்று மூன்று நாளாகிறது. அண்ணியின் இருமல் எப்படி இருக்கிறது? மருத்துவரிடம் போகச் சொல். நான் சொன்னதாகவே சொல்.

உன் படகிலிருந்து கழற்றி அனுப்பிய இடங்காட்டிப் பெட்டி ஜனவரியிலேயே வந்துவிட்டது. செயற்கைக்கோளை வைத்து இடம் சொல்ல எங்கள் ஆம்புலன்ஸ் பிரிவு முழுவதற்கும் அது ஒன்றுதான். ஓட்டுநர் ட்வேன் முதல் நாளே கேலி செய்தான். "சிங்கி இறால் பிடிக்கிற டப்பாவ வச்சுக்கிட்டு பாலைவனத்துல வழி தேடப் போறோமாக்கும்" என்றான். இங்கே கொடுத்திருக்கும் வரைபடத்தை விரித்தால் வெறும் பழுப்புத் தாள். சாலை இல்லை, மேடு இல்லை, ஒரு பெயர்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மணற்காற்று வீசிக்கொண்டிருந்தது. எங்கள் டாங்கி ஒன்றிலிருந்து வானொலியில் அழைத்தார்கள். வெடிக்காமல் கிடந்த சிறு குண்டை விட்லாக் என்ற வீரன் மிதித்துவிட்டான். இடத்தை எண்களாகச் சொன்னார்கள். பதினொரு கிலோமீட்டர். எங்கள் வண்டியின் மூக்கே எங்களுக்குத் தெரியவில்லை. பெட்டியைப் பார்த்து நான் திசை சொல்ல, ட்வேன் ஓட்டினான்.

பாதி வழியில் பெட்டியில் எண்கள் மறைந்துவிட்டன. எல்லாச் செயற்கைக்கோள்களையும் இன்னும் ஏவி முடிக்கவில்லை, அண்ணா. தினமும் சில வேளைகளில் எங்கள் தலைக்கு மேல் போதுமானவை இருப்பதில்லை. திசைகாட்டியை நம்பிக் கொஞ்சதூரம் போனோம். பிறகு வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"அங்க ஒருத்தன் ரத்தம் கொட்டிக் கிடக்கான். நீ இங்க டப்பாவப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியா?" என்று ட்வேன் கத்தினான்.

"எங்க இருக்கோம்னு தெரியாம போனா நாமளும் தொலைஞ்சோம், அவனும் தொலைஞ்சான்" என்றேன். குரல் உறுதியாகத்தான் வந்தது. மனதில் அந்த உறுதி இல்லை.

இருபத்திரண்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நேரம் இருந்ததில்லை. எண்கள் திரும்பி வந்தபோது, நாங்கள் ஒன்றரை கிலோமீட்டர் விலகிப் போயிருந்தது தெரிந்தது. இன்னும் விலகிக்கொண்டே போயிருப்போம். ட்வேன் வண்டியைத் திருப்பினான்.

பெட்டி "வந்துவிட்டது" என்று காட்டிய இடத்தில் இறங்கினேன். சுற்றிலும் தூசி. ஒரு மனிதக் குரல் கேட்டது. நாற்பது அடி நடந்தேன், டாங்கி நின்றுகொண்டிருந்தது. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றுகிற ஏதோ ஒன்று என்னைக் கைப்பிடித்து அந்த ஒருவனிடம் கொண்டுவந்து விட்டிருந்தது. தேவாலயத்தில்கூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

விட்லாக்கின் தொடையில் ஏற்கெனவே இறுக்கிக் கட்டுப் போட்டிருந்தது. கட்டியவர் டாங்கிக்காரர்கள் பிடித்து வைத்திருந்த ஓர் ஈராக்கியக் கைதி. லெஃப்டினன்ட் ஸுஹைர் என்று பெயர். பிரிட்டனில் கார்டிஃப் நகரில் பொறியியல் படித்தவராம், ஆங்கிலம் நன்றாகப் பேசினார். நான் மருந்து ஏற்றும்போது அவர்தான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தப் பக்கம் வழியே கிடையாதே. எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். பெட்டியைக் காட்டினேன். வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். மேலே தூசிதான் இருந்தது.

"எங்க பீரங்கிய ஒவ்வொண்ணாத் தேடி வந்து எப்படி அடிச்சாங்கன்னு இப்பத்தான் புரியுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

டாங்கிக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு மணல்மேடு இருந்தது. அவருடைய பீரங்கிக்காரர்கள் ஆறு பேர். காலையில் அவரே புதைத்திருக்கிறார். காற்று அதற்குள் பாதியைச் சமமாக்கிவிட்டது. "நாளைக்கு எனக்கே அடையாளம் தெரியாது. இந்த இடத்தோட எண்ணை எழுதித் தர முடியுமா? அவங்க வீட்ல கேப்பாங்க" என்றார். ட்வேன் விட்லாக்கின் தூக்குக்கட்டிலை வண்டியில் ஏற்றிக் கட்டுவதற்குள் மேட்டின் மேல் பெட்டியைப் பிடித்து, எண்ணை எழுதிக் கொடுத்தேன். ஆறு பெயர்களையும் அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

விட்லாக் பிழைத்துவிட்டான். கால் போய்விட்டது. அந்த இருபத்திரண்டு நிமிடத்தால்தானா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன். கால் முன்பே போய்விட்டது, இன்னும் தாமதமாகியிருந்தால் ஆளும் போயிருப்பான் என்றார். உண்மையாகவே சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஸுஹைரை மற்றக் கைதிகளோடு கொண்டுபோனார்கள். சோதனையில் அந்தத் தாளைப் பிடுங்கியிருக்கலாம். அதனால் இதோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். பெயர்களில் பிழை இருக்கும், எண்ணில் இல்லை, மூன்று முறை சரிபார்த்தேன். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுது, அண்ணா. அவர்கள் பதில் போடாவிட்டால் மறுபடியும் எழுது. தாளை அம்மாவின் விவிலியத்துக்குள் பத்திரமாக வை. என்றைக்காவது யாராவது கேட்டு வந்தால், நாம் யார், எந்தப் பக்கம் நின்றோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கையில் கொடு.

உன் தங்கை,
கோலெட்