தோல் போர்த்திய குட்டி

மார்ச் 4

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறானாம். பால் வண்டிக்காரர் சொன்னார். உன் அக்கா கண்ணை மூடிய அந்த மாதமே, "கைக்குழந்தைக்கு ஒரு ஆள் வேணும், தங்கச்சியக் கட்டிக்கோங்க" என்று நம் கல்யாணத்தைப் பேசி முடித்தவன் அவன்தான். இப்போது என்னைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறிப் போகிறான். போகட்டும்.

மகளை விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த வாரமே நீயும் பெட்டியைத் தூக்கிவிட்டாய். ஏன் என்று இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

இங்கே பால் மறக்கடிக்கும் வேலை தொடங்கிவிட்டது. கன்றுகளும் குட்டிகளும் பழகிய கொட்டகையில்; தாய்கள் வேலிக்கு அந்தப் பக்கம். பார்க்கலாம், மோந்துகொள்ளலாம், குடிக்க முடியாது. எப்போதும் நீதான் பிரிப்பாய். நான் ஏதாவது சாக்குச் சொல்லிச் சந்தைக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை தப்பிக்க வழியில்லை. கத்தல் மண்டைக்குள் இறங்குகிறது.

வெள்ளைமூஞ்சி மட்டும் ஒரு மாதிரி நிற்கிறாள். அவள் ஈன்ற குட்டி செத்துப்போனதும், அதன் தோலை உரித்து, அந்த வாசனைக்கு அவள் பால் கொடுக்கட்டும் என்று தாயில்லாத குட்டியின் மேல் கட்டினேனே, நீ பிடித்துக்கொண்டாயே, அந்த ஆடுதான். மற்றவை வேலியில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்க, அவள் முதுகைக் காட்டி நிற்கிறாள். உன்னைப் போல.

கன்றுகள் அடங்குவதற்குள் வந்து சேர்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவன்


மார்ச் 12

அன்புள்ள அத்தானுக்கு,

சண்டை போடக்கூட உங்களுக்குக் காகிதம் வேண்டும், போனை எடுக்கமாட்டீர்கள். அண்ணனைத் திட்டிய பகுதியை மட்டும் ரொட்டிக்கடை முதலாளியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "உங்க வீட்டுக்காரர் நல்லாத்தான் எழுதுறார்" என்றார்கள். அவர்கள் கடையில்தான் வேலை, மாடியில் எனக்கு ஓர் அறை.

தாய்களுக்குத் தவிட்டை நிறுத்துங்கள், காய்ந்த புல் போதும். மடி கல்லாகக் கட்டினால் கொஞ்சம் பீய்ச்சிவிடுங்கள். முழுக்கக் கறந்தால் திரும்பவும் சுரக்கும். கத்தல் தாங்காமல் நடுவில் சேர்த்துவிடாதீர்கள். ஒரு வருஷம் சந்தையிலிருந்து வந்ததும் அப்படிச் செய்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அழவைத்தீர்கள்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள். கணக்கு வாத்தியாரைப் போலவே பேசிக்காட்டிச் சிரிக்கவைக்கிறாள். உங்களையும் விசாரித்தாள்.

வெள்ளைமூஞ்சி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள்? எழுதுங்கள்.

தங்கள்,
சின்னவள்


மார்ச் 19

சின்னவளுக்கு,

கேட்டாய், சொல்கிறேன். மற்றவை எல்லாம் அடங்கிவிட்டன. கன்றுகள் வைக்கோலில் மூக்கை விட்டுக்கொண்டு தங்கள் பாட்டுக்கு நிற்கின்றன. வெள்ளைமூஞ்சி மட்டும் கிணற்று மூலையில் நின்று கத்துகிறாள். அவள் குட்டியை, உரித்த பிறகு, நான் புதைத்தது அங்கேதான். புதைத்தபோது அவள் கொட்டகைக்குள் பூட்டிக் கிடந்தாள். அவளுக்கு யார் சொன்னார்கள்?

மாதக்கணக்கில் அவளிடம் பால் குடித்த வளர்ப்புக் குட்டியைத் தூக்கிப் போய் முன்னால் விட்டேன். மோந்தாள். யாரோ வழியில் நிற்பதைப் போல ஒதுங்கி, மண்ணைப் பார்த்துக் கத்தினாள். கால்நடை டாக்டர் வந்து பார்த்து, "மழைக்கு மண்ணு இறங்கியிருக்கும் சார், வாசனைதான்" என்று சிரித்தார். ஆனால் அந்த மூலையில் அவரும் நிற்கவில்லை. வண்டியில் ஏறிய பிறகுதான் மருந்து எழுதிக் கொடுத்தார்.

நான் இயற்பியல் படித்தவன், பேய் பிசாசு என்று உளறுகிறவனில்லை. நேற்று நல்ல வெயிலில், அவள் கத்தி ஓய்ந்த இடைவெளியில், அங்கிருந்து மெலிதாக ஒன்று பதில் கொடுத்தது. ஓடிப்போய்க் கொட்டகையைப் பார்த்தேன். குட்டிகள் எல்லாம் உள்ளேதான் இருந்தன, வாயை மூடிக்கொண்டு.

இந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. வந்துவிடு. அக்காவின் சாம்பல் நிற ஸ்வெட்டரை அலமாரியிலேயே விட்டுப் போயிருக்கிறாய். எடுத்து வைத்திருக்கிறேன். துவைக்கவில்லை.

இப்படிக்கு,
நான்


மார்ச் 27

அன்புள்ள அத்தானுக்கு,

ஸ்வெட்டர் வேண்டாம்.

நான் வந்த முதல் நாள் குழந்தை புட்டியை வாயில் வைக்கவில்லை. நீங்கள்தான் அந்த ஸ்வெட்டரைக் கொண்டுவந்து, "இதைப் போட்டுக்கோ, குடிச்சிடுவா" என்றீர்கள். போட்டுக்கொண்டேன். அக்காவின் வியர்வை வாடை அதில் இருந்தது. குழந்தை குடித்தாள். எனக்கு அதில் வருத்தமில்லை, அவள் பிழைக்கவேண்டுமே.

ஒரே மாதத்தில் என்னை என் முகத்தை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாள். நான் வேறு உடையில் வந்தாலும் கையை நீட்டினாள். நீங்கள்தான் குளிர் தொடங்கினால் அதை எடுத்துக் கட்டிலில் வைப்பீர்கள். அதைப் போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கும்போது மட்டும் உங்கள் குரல் மாறும். பின்னால் வந்து நிற்பீர்கள். நான் திரும்பினால் போய்விடுவீர்கள். பதினைந்து வருஷத்தில் திரும்பாமல் நிற்கக் கற்றுக்கொண்டேன், அத்தான்.

அந்தக் குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், "இந்தத் தோலை எப்ப அவுப்பீங்க?" என்று. "தாய் ஏத்துக்கிட்டா மூணாம் நாள் அவுத்துடலாம், அதுக்கு மேல விட்டா நாறும்" என்றீர்கள். அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். மகள் விடுதிப் பள்ளிக்குப் போகும்வரை காத்திருந்தேன், அவ்வளவுதான்.

கோபமில்லை. இனிப் பதில் எழுதமாட்டேன். என்றைக்காவது என்னைப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால், என்னைப் பார்க்க வாருங்கள். வந்தால் கூடவே கிளம்பி வருவேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா


ஏப்ரல் 9

அன்புள்ள பெரியவளுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம். உன் தங்கை பதில் எழுதுவதை நிறுத்திவிட்டாள். வேறு யாருக்கு எழுத?

நேற்று அவளை அழைத்துவரப் போனேன். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முதல் பேருந்தில். வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ரொட்டிக்கடை பெரிய கண்ணாடிக் கடை. உள்ளே மூன்று பெண்கள், எல்லோருக்கும் ஒரே வெள்ளை அங்கி, முடியை மறைத்த தொப்பி. தெருவில் நின்று பார்த்தேன். ஒருத்தி ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள், ஒருத்தி தட்டுகளை அடுக்கினாள், ஒருத்தி காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

உன் நடையைத் தேடினேன். உன் தோள் சாய்வைத் தேடினேன். மூன்று பேரிடமும் அது இல்லை. அப்புறம் அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன், பெரியவளே. உன் முகம்தான் வந்தது.

காகிதம் சுற்றியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் உள்ளே வருவதற்காகக் காத்திருந்தாள் என்று இப்போது படுகிறது. அப்போது, யாரோ கடைக்காரப் பெண் ஏன் இப்படிப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு அவள் குனிந்து அடுத்த ரொட்டியை எடுத்தாள்.

அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

உன்,
நான்