போர்வை விரிக்க ரெண்டு பேர்

என் வாலு மகளுக்கு,

நானும் உங்கம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்ற அளவுக்குத் தெம்பா இருக்கோம், நீயும் அங்க சளி இருமல் இல்லாம வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். என்னடா இந்த மனுசன் போனை விட்டுட்டுக் காகிதத்துல இறங்கிட்டாரேன்னு பார்க்காதே. போன்ல கூப்பிட்டா நல்லா இருக்கேன்பா, வேலை இருக்குப்பான்னு வச்சிடுற. காகிதத்தை அப்படி வைக்க முடியாது பாரு. பிழை இருந்தா கண்டுக்காம படி, நான் அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்னு உனக்குத் தெரியாததா. நேரா விசயத்துக்கு வர்றேன். துண்டுத்துணி போர்வை தைக்கக் கத்துக்கணும்னா கிளாசுக்குப் போறதா, வீட்லயே வீடியோ பார்த்துப் பழகுறதான்னு உங்கம்மாகிட்ட கேட்டியாமே. என்னமோ இனிமேதான் யோசிக்கப் போற மாதிரி கேட்டிருக்க, கிளாசை விட்டு நீ ஏற்கனவே நின்னாச்சுன்னு உங்கம்மா தோண்டித் துருவி வாங்கிட்டா. அந்த டீச்சரம்மா உன் தையலை எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டி, இது என்ன பாம்பு போன பாதையான்னு கேட்டுட்டுப் பிரிச்சுப் போட்டாளாமே. எனக்கு இங்க உக்காந்தே காது சூடாயிடுச்சு. நீ மூஞ்சியத் தூக்கிட்டு வந்ததுல தப்பே இல்ல கண்ணு. நானா இருந்தா அவ கத்திரிக்கோலை எங்கயாவது ஒளிச்சு வச்சிட்டு வந்திருப்பேன்.

இந்த வீட்லயும் அதே வழக்குதான் நடக்குது. உங்கம்மா மருந்துக்கடை மாடியில நடக்குற கிளாசுக்குப் போறா. காலமெல்லாம் லிப்ட் ரிப்பேர் பண்ணவனுக்கு ஒரு போர்வை என்ன பிரமாதம்னு நான் வீடியோ பார்த்து ஆரம்பிச்சேன். வீடியோவுல ஒரு சௌகரியம், அதுல சொல்லிக் குடுக்குற அம்மாவை நடுவுல நிறுத்தி வச்சிட்டு டீ குடிச்சிட்டு வரலாம், உங்கம்மாவை அப்படி நிறுத்த முடியுமா. ஆனா பேச்சு நீளுதேன்னு வீடியோவைக் கொஞ்சம் ஓட்டி விட்டேன், அந்த இடத்துலதான் துண்டைச் சுத்தித் தையலுக்குன்னு கால் அங்குலம் விட்டு வெட்டணும்னு சொல்லியிருக்கா. நான் அளவுக்குச் சரியா வெட்டிட்டேன். தைக்கத் தைக்கத் துணி சுருங்கிக்கிட்டே போகுது, நூல்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். கட்டிலுக்குன்னு ஆரம்பிச்சீங்க, மிக்சிக்குக் குல்லா போட்டுட்டீங்களேன்னு உங்கம்மா சிரிச்சா பாரு, பக்கத்து வீட்ல கதவைத் திறந்து பார்த்தாங்க. அவ மட்டும் என்ன கிழிச்சிட்டா, ஒரே சதுரத்தை வாரா வாரம் தைக்கிறா, பிரிக்கிறா, அந்தத் துணி வாய் இருந்தா அழுதிருக்கும். அதனால தையலுக்காக மட்டும்னா எப்படி வேணா கத்துக்கோ, ரெண்டு வழியிலயும் கோணல் வரும்.

ஆனா நீ சொன்ன இன்னொண்ணுதான் எங்களைப் போட்டுப் பிசையுது. மேல் துணி, நடுவுல பஞ்சு, அடித்துணி மூணையும் தரையில சுருக்கமில்லாம விரிக்க ஞாயித்துக்கிழமை பூரா தவழ்ந்தேன்னியாமே. ஒரு மூலைக்கு இஸ்திரிப்பெட்டி, ஒண்ணுக்குத் தண்ணி கேன், ஒண்ணுக்கு உன் ஷூ, ஒண்ணுக்கு ஏதோ குண்டு புத்தகம், இங்க இழுத்தா அங்க தூக்குதுன்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னியாம். நாங்களும் விழுந்து விழுந்து சிரிச்சோம். மறுநாள் துவைச்ச பெட்ஷீட்டை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு மடிக்கிறப்போ உங்கம்மா சட்டுன்னு, ஏங்க, அவளுக்கு அந்த ஊர்ல ஒரு மூலையப் பிடிக்க ஆள் இல்லியான்னு கேட்டா. நீ போய் ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, மழையைச் சொல்ற, பஸ்சைச் சொல்ற, ஆபீசு ஏசியைக் கூடத் திட்டுற, ஒரு சிநேகிதி பேர் இதுவரைக்கும் உன் வாயில வந்ததில்ல.

உங்கம்மா கிளாசுல கத்துக்கிட்டது கால்வாசி தையல், முக்கால்வாசி ஊர் வம்பு. ஒருத்தி போர்வையை விரிச்சா நாலு பேர் நாலு பக்கம் மண்டி போட்டு இழுக்குறாங்க, இழுக்கறப்போவே மருமகன் கதையெல்லாம் வந்துடுது. உங்கம்மாவுக்குக் கால் பிசகி ரெண்டு வாரம் போகாம இருந்தப்போ அவ டீச்சரே இன்னொரு அம்மாவைக் கூட்டிக்கிட்டு மாடியேறி நம்ம வீட்டுக்கே வந்துட்டா. வந்ததும் வராததுமா, நீங்க என்ன காலாலயா தைக்கிறீங்கன்னு ஒரு திட்டு. நான் டீயை ஆத்திக் குடுத்துட்டு அடுக்களையிலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன், மூணு பேரும் என்னைக் கிண்டல் பண்ணியே சிரிச்சாங்க, எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ வீடியோ அம்மா எட்டிக்கூடப் பார்க்கல.

அதனால கிளாசுக்குப் போம்மா. அந்தப் பாம்பு டீச்சர்கிட்ட முடியவே முடியாதுன்னா வேற இடம் தேடு, உலகத்துல கோணலாத் தைக்கிறவங்களுக்கா பஞ்சம். உன்னைத் திட்டுற நேரத்துல பக்கத்துல ஒருத்தி தன் துணியை மறைச்சு வச்சிருப்பா, போய் அவ கிட்ட உக்காரு. வீட்டுக்கு வந்து வீடியோவும் பாரு, நான் வேண்டாங்கல, ஓட்டி மட்டும் விட்டுடாதே. மூணு அடுக்கை விரிக்கிற அன்னிக்குத் தனியா விரிக்காதே. கூப்பிடக் கூச்சமா இருந்தா, எங்கப்பா ஒரு கிறுக்கு, தனியா விரிச்சா பேச மாட்டேன்னுட்டார்னு பழியை என் மேல போட்டுக்கோ, இந்த வயசுல எனக்கென்ன மானம் மரியாதை.

தலையைக் குனிஞ்சே உக்காராதே, கண்ணாடியைப் போட்டுக்கோன்னு உங்கம்மா சொல்லச் சொன்னா. ஒரு குறையும் இல்லாம, சிரிச்ச முகமா, மனுசங்க சூழ நல்லா இரு மகளே, எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்குத்தான், மிச்சம் இருந்தா உன் தம்பிக்கு. ஒண்ணை மறந்துடாதே, அடுத்த தடவை விரிக்கிறப்போ ஒரு போட்டோ அனுப்பு. அதுல உன் ரெண்டு கையும் துணி மேல இருக்கணும். போனைச் செவுத்துல சாய்ச்சு வச்சுத் தானா எடுக்குற தில்லுமுல்லு எங்கிட்ட நடக்காது, உன் தம்பி எல்லாத்தையும் காட்டிக் குடுத்துட்டான். எடுத்தது யாருன்னு கீழ பேர் எழுது. நான் பேரைப் படிச்சிட்டுத்தான் போர்வையைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
மிக்சிக்குக் குல்லா தைச்ச உன் அப்பன்